பழைய மருந்தே தொடரட்டும்

பாறசாலைப் பக்கத்து எல்லைக் கிராமங்களுக்கு மனநல மருத்துவர் வருவது வியாழக்கிழமைதோறும். அந்த மருத்துவர் நான்தான். மதியத்துக்குள் எண்பது, தொண்ணூறு பேரைப் பார்த்தாக வேண்டும். அதில் பாதிப்பேர் நோயாளிகளே அல்ல; வர மறுக்கும் மகனுக்காகவோ கணவனுக்காகவோ சீட்டோடு வந்து மருந்து வாங்கிப்போகும் வீட்டார். அவர்களிடம் மூன்றே கேள்வி கேட்பேன். உறக்கம் உண்டா? ஆகாரம் உண்டா? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? பிறகு சீட்டில் 'பழைய மருந்தே தொடரட்டும்' என்று எழுதித் தள்ளிவிடுவேன். கொஞ்ச நாளாகப் பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. கேட்கும்போதே பேனா ஓடிவிடும்.

நான் முன்பு இப்படி இல்லை. நோயை மலையாளத்தில் சொல்லிவிட்டு, அழுவதற்கு மட்டும் தமிழுக்கு வருகிறவர்களோடு நானும் கண்கலங்கிய காலம் உண்டு. எப்போது வற்றியதென்று தெரியவில்லை. வீட்டில் கணவர் பேசினாலும் எப்போது முடிப்பார் என்றிருக்கும். லீவு கேட்டேன், மாற்று ஆள் இல்லை என்றார்கள். எனக்கும் வீம்பு, இரண்டாம் முறை கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் அந்த அம்மா வந்தார். ஆறு வருடமாக மகனுக்கு மருந்து வாங்குகிறவர். நன்றாக இருக்கும் மாதங்களில் மகனே வருவான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "டாக்டரே, நான் ரப்பர் வெட்டப் போறேனாக்கும்" என்று ஒவ்வொரு முறையும் புதுச்செய்தி போலச் சொல்வான்.

அன்றும் கேள்விகளைக் கேட்டேன், எழுதினேன், சீட்டை நீட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அடுத்த மாசம் பாப்போம் அம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்து நான் பையை எடுக்கும்போது மறுபடி வந்து, அன்று வாங்கிய மாத்திரைகளை மேசையில் வைத்தார். பக்கத்திலேயே பிரிக்காத பழைய அட்டைகள் இரண்டையும் வைத்தார்.

"அவன் போயிட்டான் டாக்டரே. எலிக்காய்ச்சலாக்கும். பதினேழு நாளாச்சு. மிச்ச மாத்திரை ஆருக்கெங்கிலும் உபகாரப்படுமேன்னு கொண்டு வந்தேன்."

"பின்ன எதுக்கு வரிசையில நின்னு இதையும் வாங்கினிய?" கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க எழுதித் தந்திய இல்லியா. இத்தன ஆளுவளுக்க முன்ன வேண்டாம்னு சொன்னா உங்களுக்குக் கொறச்சலாக்கும்."

செத்துப்போனவனுக்கு ஒரு மாத மருந்து எழுதியிருக்கிறேன். என் மானம் போகக்கூடாதென்று அவனைப் பெற்றவள் வரிசையில் நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன்; அந்தச் செருப்புதான் நினைவுக்கு வந்தது. முகம் வரவேயில்லை. ஆறு வருடம் பார்த்த முகம். நான் உடைந்தது அங்கேதான்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை டாக்டரே என்றவர், "மக்கா, உனக்கு உறக்கம் உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வெகுநேரமாயிற்று. அவர் காத்து நின்றார்.