தங்கை என்னிடம் தந்த ஊக்கு

என் பூசை அறையில், திருநீற்றுக் கிண்ணத்தின் அருகே ஓர் ஊக்கு கிடக்கிறது. தங்கையின் தாலிக்கொடியில் தொங்கியது. பதிகம் ஓதக் கண்மூடும்முன் அதைப் பார்த்துவிடுகிறேன். பிறகு குரல் தாழ்ந்தே வருகிறது.

என் மனைவியின் இடுப்புவலிக்குக் கண்டியில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் கதிர் எலும்பைத்தான் தெளிவாகக் காட்டும், எலும்பில் பழுதில்லை. வயிற்றில் களிம்பு பூசி ஒலியலையால் பார்க்கும் ஸ்கேனில் சிறுநீரகமும் நன்றாயிருந்தது. அடுத்து எடுத்த சிடி ஸ்கேனும் எக்ஸ்ரே கதிர்தான். உடலைச் சுற்றிவந்து, அரிந்து வைத்தாற்போல் அடுக்கடுக்காகக் காட்டும். இவை எதற்கும் அவளது தாலி தடையாகவில்லை; சற்று ஒதுக்கினால் போதுமாயிருந்தது. நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ வேண்டும் என்றார் மருத்துவர். அங்கே கதிர் இல்லை; பெருங்காந்தம். வாசலில் நின்ற பெண், "தாலியையும் கழட்டணும் அம்மா. அதுல தொங்குற ஊக்க மெஷின் இழுத்துடும்" என்றார். மனைவி தயங்காமல் கழற்றி என் கையில் வைத்தாள். "தொலைச்சிடாதீங்க. இந்த வயசுல மறுபடி கட்ட ஐயரத் தேட ஏலாது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் உயிரோடிருக்கும்வரை தாலி கழுத்தைவிட்டு இறங்கலாகாது என்று கோயில் திருமணங்களில் வாழ்த்துரைப்பவன் நான். தெரிந்தவர் எவரும் காணாதபடி கைக்குட்டையில் சுற்றி மடியில் ஒளித்துக்கொண்டேன்.

பின்னர், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருக்கும் என் தங்கைக்கும் அதே வலிக்கு மருத்துவர் எம்ஆர்ஐ எழுதினார். தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணே, அண்ணிக்கு அந்தக் காந்த ஸ்கேன் எடுத்தப்ப தாலியக் கழட்டச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. ஒதுக்கிப் புடிச்சா போதும்."

எக்ஸ்ரேயைப் பற்றியது என்றால் அது மெய். அவள் கேட்டது அதுவன்று என்பது எனக்குத் தெரியும்.

"எங்க அண்ணிக்குக் கழட்டாமத்தான் எடுத்தாங்க" என்று ஸ்கேன் அறை வாசலில் வாதாடி, கழற்ற மறுத்து, படம் எடுக்காமலே வீடு திரும்பிவிட்டாள். மறுமுறைக்குக் காத்திருந்த மாதங்களில் ஒரு பாதம் மரத்துப்போனது, படியில் விழுந்தாள். செய்தி கேட்டு நானும் மனைவியும் அவளது லயத்து வீட்டுக்குப் போனோம். தங்கை நடந்ததைச் சொல்லி முடிக்குமுன்பே மனைவி, "நான் கழட்டிட்டுத்தானே உள்ள போனேன். இவரு கையிலதான் இருந்துச்சு" என்றாள். தங்கை என் பக்கம் திரும்பவில்லை. "சாமி பாட்டுப் பாடுற வாயி, பொய் சொல்லாதுன்னு நம்பித் திரும்பி வந்துட்டேன் அண்ணி" என்றாள்.

அடுத்த முறை ஸ்கேனுக்கு மூவருமாகப் போனோம். அவள் தாலியைக் கழற்றியபோது, எல்லோரும் பார்க்கும்படியாகவே உள்ளங்கையை விரித்து நீட்டினேன். கொடியிலிருந்து ஊக்கைத் தனியே எடுத்தாள். தாலியை அண்ணியிடம் கொடுத்தாள். "இதப் புடிங்க அண்ணே" என்று ஊக்கை மட்டும் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நரம்பு நசுங்கியிருப்பதை அந்தப் படம் காட்டியது. அறுவைச் சிகிச்சையும் நடந்தது. ஆயினும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஊக்கை அவள் திருப்பிக் கேட்டதில்லை. திருநீறு எடுக்கப்போகும் என் விரலில் அது நாள்தோறும் தட்டுகிறது.