சத்தம் போடாதவரின் இருக்கை

என் அண்ணிக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாய்தான் அவருக்குச் சோறு போடுகிறது. சுற்றுலாக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாடகைக்கு எடுத்து ஓட்டும் விமானத்துக்கு, கவுன்ட்டரில் உட்கார்ந்து போர்டிங் பாஸ் கொடுக்கிறார். சனிக்கிழமைதோறும் அது ஒரு கூட்டத்தைத் தீவில் இறக்கிவிட்டு, அங்கே விடுமுறை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். நடுவில் வேறு விமானம் கிடையாது.

ஒருநாள் ஓர் இருக்கையின் பெல்ட் அறுந்துவிட்டது. அதில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. மற்ற இருக்கையெல்லாம் விற்றாயிற்று. குடும்பத்தைப் பிரிக்காமல், தனியாகப் போகிறவரை நிறுத்துவதுதான் வழக்கம். வரிசையில் அப்படி இரண்டு பேர். தொப்பி போட்டவர், பெட்டி எடை கூடிப்போனதற்கே கவுன்ட்டரை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டவர் கையில் குழந்தைகளின் நீச்சல் வளையத்தோடு பேசாமல் நின்றார்.

அண்ணி யார் மேல் கை வைப்பார்? இளிச்சவாயர் மேல்தான்.

"சார், நீங்க அடுத்த வாரம் போயிடுங்களேன்."

"பொண்ணும் அவ அம்மாவும் முன்னாடியே போயிட்டாங்க மேடம். எனக்கு இப்பதான் லீவு கிடைச்சுது. அடுத்த சனிக்கிழமை அவங்க திரும்பிடுவாங்களே."

கவுன்ட்டரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்றார். அவர் வளையத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த அண்ணி சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"என்ன அண்ணி, வாய்க்கு லீவா?" என்று சீண்டினேன்.

"பாவம் பண்ணிட்டேன்டி" என்று நடந்ததைச் சொன்னார். நான் விடுவேனா? திட்டித் தீர்த்தேன். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை.

மறு சனிக்கிழமை விமானம் தீவிலிருந்து திரும்பி இறங்கியதும் வெளிவாசலுக்கு ஓடினாராம். கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். வெயிலில் கறுத்த சிறுமி ஒருத்தி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்ப்பா நீ வரல? தினமும் வாசல்லயே நின்னேன்."

அவர் அண்ணியைப் பார்த்துவிட்டார். "வேலை வந்துடுச்சும்மா" என்றார்.

அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று அண்ணிக்குத் தோன்றியது. அண்ணியே குனிந்து சிறுமியிடம் சொன்னார்: "இல்லம்மா. அப்பா கிளம்பித்தான் வந்தாரு. நான்தான் ஏத்தி விடல."

"ஏன்?"

அண்ணிக்குப் பதில் தெரியும். உன் அப்பா சத்தம் போடமாட்டார், அதனால்தான். அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? தொப்பிக்காரர் பெட்டியை உருட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். சிறுமி இன்னும் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.