வயதைக் கேட்ட கட்டம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது தங்கை கேட்டாள். "ண்ணா, ஏஎஸ்எல்னா இன்னா?"

பிசைந்த கை அப்படியே நின்றது. வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர்: முன்பின் தெரியாதவர்கள் சாட்டில் முதலில் கேட்பது இதைத்தான். தங்கை எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கேட்டது?"

"யாரோ. ஃப்ரெண்ட்ஸ் சேக்கற சைட்ல."

பதினெட்டு வயதானவர்கள் மட்டுமே சேரக்கூடிய தளம் அது. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் என் வேலையே அந்த மாதிரிப் பக்கங்களைச் சோதிப்பதுதான். வயதுக் கட்டத்தில் பதினேழு போடுவேன், மறுக்கும். பதினெட்டு போடுவேன், உள்ளே விடும். சரியாக வேலை செய்கிறது என்று எழுதி அனுப்புவேன். வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். ஆனால் தட்டுவது யார் விரல் என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கை கழுவிவிட்டு அவளை ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருமுனையில் அவள் வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். சிறுவர்களுக்கு அனுமதி இல்லை என்று சுவரில் ஒட்டியிருந்தது. கடைக்காரரிடம் அதைக் காட்டினேன்.

"ஐடி கார்டு கேட்டா பசங்க எதிர்க்கடைக்குப் போயிடுதுங்க சார். அங்க போர்டே கெடையாது. இங்கயாவது ஸ்க்ரீன் எல்லாம் என்னப் பாத்தாப்ல வெச்சிருக்கேன்."

ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். தங்கை ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டு அடித்தாள். பக்கம் திறந்தது. ரெட்டை ஜடையோடு அவள் படம். அதன் கீழே அந்த 'ஏஎஸ்எல்?'. அதற்கும் கீழே அதே ஆள் பிறகு எழுதியது: 'ஸாரி ஆன்ட்டி. இப்பதான் வயசப் பாத்தேன். போட்டோல உங்க பொண்ணா?'

அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை.

"எந்த வருஷம் போட்ட பாப்பா?"

"பதினெட்டு ஆவணும்னுச்சு. எதுக்கும் சேஃபா இருக்கட்டும்னு ரேஷன் கார்டுல இருக்கற அம்மா வருஷத்தப் போட்டுட்டேன்."

அம்மாவுக்கே தன் பிறந்த வருஷம் தெரியாது. கார்டு எழுதியவர் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது அது, பத்து வயது கூட்டியே போட்டிருந்தார். அதற்காக அம்மா இன்னும் அவரைத் திட்டுவாள். எனக்கு அவரைத் தேடிப் போய் ஒரு டீ வாங்கித் தர வேண்டும் போலிருந்தது.

கணக்கை மூடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மூடினாள். ஏன் விலகுகிறீர்கள் என்று கடைசியாக ஒரு கட்டம் கேட்டது.

"வயசாயிடுச்சுன்னு போடுண்ணா," என்றாள்.

அப்படியே போட்டேன். ஏற்றுக்கொண்டது.