கடல் தெரிஞ்ச ஆளு

கடல நான் பாத்திருக்கேன்னு ஒரு அம்பது வருசமா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். பாத்ததே இல்ல. இத மொதல்லயே சொல்லிப்புடுறேன். இல்லாட்டி நான் சொல்லப்போறது ஒண்ணும் வெளங்காது.

எங்க அண்ணன் குடும்பத்தோட இலங்கைய விட்டு ஒரேயடியா இந்தியாவுக்கு போனப்ப வந்த வெனை அது. அப்ப எல்லாம் எங்க தேயிலத் தோட்டத்துலருந்து வாராவாரம் யாராச்சும் போய்க்கிட்டே இருப்பாங்க. அட்டன் ஸ்டேசன்ல ஒரே அழுகையா கெடக்கும். நான் அண்ணனோட தகரப்பெட்டிய தூக்கிக்கிட்டு கூடவே ரயில்ல ஏறினேன். தலைமன்னாரு வரைக்கும் போயி கப்பல்ல ஏத்திவிட்டுட்டுத்தான் வருவேன்னு நாங்க இருந்த லயத்து வீடு பூரா சொல்லிட்டு கெளம்பினவன் நான். பொல்காவலையில ரயில் மாறணும். மாறி, ஏறி, பெட்டிய எல்லாம் சீட்டுக்கு அடியில தள்ளியாச்சு. அண்ணன் சொன்னாரு, "தம்பி, தொண்ட காயுதுடா, கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வா"ன்னு. சொம்ப எடுத்துக்கிட்டு எறங்கினேன். கொழாயில கூட்டமான கூட்டம். தண்ணிய பிடிச்சிட்டு திரும்பிப் பாத்தா ரயிலு நகருது. சொம்போட ஓடினேன். பாதி தண்ணி என் சாரத்துலயே ஊத்திருச்சு. அம்புட்டுத்தான்.

எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தோட்டத்துக்கு திரும்புறது? நாவலப்பிட்டியில எங்க மாமா ஒருத்தரு இருந்தாரு. அவரு வீட்டுல ரெண்டு நாளு படுத்து கெடந்துட்டு, தலைமன்னாரு போயிட்டு வந்தவன் மாதிரி வந்து எறங்கினேன். கேட்டவங்களுக்கு எல்லாம் கத சொன்னேன். கப்பலு எங்க தோட்டத்து ஸ்டோரு மாதிரி நீட்டமா இருந்துச்சுன்னேன். தேயில அரைக்கிற ஸ்டோர விட பெருசா எதையும் நான் அப்ப பாத்ததில்ல, அதனால அத சொன்னேன். அண்ணன் கப்பல் மேல நின்னு துண்ட வீசினாருன்னேன். அப்புறம் சோப்பு போட்டு கடல்ல குளிச்சேன்னேன். நொர பாலு மாதிரி மெதந்து போச்சுன்னேன்.

அடுத்த வருசம் எனக்கு கலியாணம். நோர்வூட்டு பக்கத்து தோட்டத்துலருந்து வந்தவ. ரொம்ப பேசமாட்டா அப்ப. இந்த கடல் கதைய சொன்னா மட்டும் வாய தொறந்துக்கிட்டு கேப்பா. ஒரு நாளு சொன்னா, "என்னையும் ஒருக்கா கூட்டிக்கிட்டு போங்க. எனக்கு பயந்தான். ஆனா உங்க கைய பிடிச்சிக்கிட்டா எறங்கிருவேன்." நானும் சரி சரின்னேன். சொல்றதுக்கு என்ன.

மலைக்கு போறதும் கொழுந்து எடுக்குறதுமா அவ காலம் போச்சு. எனக்கு தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறது, தண்ணி ஓட காண் வெட்டுறது. புள்ளைங்க வந்துச்சு. ரெண்டு பேரும் வேலைய விட்டு நின்னாச்சு. அவளுக்கு முட்டி தேஞ்சி போச்சு. படி எறங்கணும்னா பக்கவாட்டுல நண்டு மாதிரி எறங்குவா.

போன மார்கழி லீவுக்கு மகன் வந்தான். கொழும்புல ஒரு துணிக்கடையில இருக்கான். "அப்பா, எல்லாரும் கடலுக்கு போறோம். வில்லா ஒண்ணு பிடிச்சிருக்கேன்"ன்னான். வில்லான்னா என்னடான்னேன். "முழு வீடும் நமக்கேப்பா. வேற ஆளு வரமாட்டாங்க. வாசல்லயே கடலு. மூணு நாளு." என் வீட்டுக்காரி அடுப்படியிலருந்து எட்டிப் பாத்தா. அவ மூஞ்சிய பாத்தேன். அந்த பழைய வாக்க அவ மறக்கல.

சாமான் கட்டினோம். கம்பளி ரெண்டு, ஸ்வெட்டரு ஆளுக்கு ஒண்ணு, காதுக்கு மப்ளரு. மருமக சிரிச்சா. "மாமா, அங்க வேர்த்து ஊத்தும்." "தண்ணி பக்கத்துல குளிரும்மா, எனக்கு தெரியாதா"ன்னேன். எங்க ஊருல ஆத்துப்பக்கம் போனாலே பல்லு கிட்டுது, அம்புட்டு பெரிய தண்ணின்னா எப்பிடி இருக்கும்னு நான் ஒரு கணக்கு போட்டேன். வேன்ல கித்துல்கல எறங்கினதுமே ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சோம். அவிசாவளையில நான் பனியனோட இருந்தேன்.

பெந்தோட்டைய தாண்டி ஒரு ஒழுங்கையில வேன் நின்னுச்சு. வெள்ளையா ஒரு வீடு. சத்தியமா சொல்றேன், எங்க தொர பங்களா தோத்துப்போவும். மகன் வேன்காரரோட பேசிக்கிட்டு நின்னான். நானும் அவளும் பைய தூக்கிக்கிட்டு நடந்தோம். எப்பிடி போனோம்னு எங்களுக்கே தெரியாது, நேரா வீட்டுக்கு பின்னால போயி சமையக்கட்டு குசினி கதவுகிட்ட செருப்ப கழட்டிட்டு நிக்கிறோம். பங்களான்னா பின்பக்கமாத்தான் போகணும், அது எங்க காலுக்கு பழகிப்போன விசயம். தொர வூட்டுக்கு வெறகு கொண்டுபோனாலும் சரி, சம்மானம் வாங்க போனாலும் சரி, முன்வாசலு எங்களுக்கு இல்ல.

வீட்ட பாத்துக்கிற ஆளு ஒரு சிங்கள மனுசன், நாப்பது வயசு இருக்கும். சமையலும் அவருதான். முன்வாசல்ல தட்டுல எளநி வச்சிக்கிட்டு எங்களுக்காக காத்துக்கிட்டு இருந்திருக்காரு. ஆள காணோம்னு சுத்தி வந்து பாத்தா நாங்க குசினி வாசல்ல. "அய்யோ சீயா, இஸ்ஸரஹின் என்ட!"ன்னாரு. தாத்தா, முன்பக்கமா வாங்கன்னு அர்த்தம். கைய பிடிச்சி சுத்திக் கூட்டிக்கிட்டு போனாரு. பேத்தி அங்க விழுந்து விழுந்து சிரிக்கிறா. ஒம்பது வயசு. "தாத்தா, நம்ம வீட்டுக்கே திருடன் மாதிரி பின்னால வர்றீங்க!" மூணு நாளைக்கு நம்ம வீடாம். எனக்கு அந்த சொல்லு நல்லா இருந்துச்சு. முன்வாசல்ல ரெண்டு தடவ சும்மாவே போயிட்டு வந்தேன்.

அப்புறம் கடல பாத்தேன்.

விறாந்தையில நின்னு பாத்தா தென்ன மரத்துக்கு நடுவுல கெடக்கு. எங்க பக்கம் எங்க திரும்பினாலும் ஒரு மலை வந்து மறைச்சிக்கிரும். இதுல மறைக்க ஒண்ணுமே இல்ல. என் வாய் தொறந்துச்சு. ஒடனே மூடிக்கிட்டேன், நான்தான் முன்னாடியே பாத்தவனாச்சே.

"என்னாங்க, தலைமன்னாருலயும் இப்பிடித்தான் சத்தம் போடுமா?"ன்னு கேட்டா.

"அங்க கொஞ்சம் கம்மி"ன்னேன்.

மகனும் மருமகளும் பேத்தியும் அன்னிக்கே எறங்கி கூத்தடிச்சாங்க. "அம்மா, வாங்க"ன்னு மகன் கூப்பிட்டான். "உங்கப்பா வரட்டும். அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்"ன்னுட்டா. எனக்கு பயணக் களைப்புன்னு சொல்லிட்டேன்.

மறுநாளு வெள்ளன நாலரைக்கே ரெண்டு பேருக்கும் முழிப்பு. வேலைக்கு ஆள் கூப்புடுற பெரட்டு மணிக்கு எந்திரிச்ச ஒடம்பு, மணி இல்லாட்டியும் எந்திரிச்சிரும். வீட்ட பாத்துக்கிற அந்த மனுசன் தூங்கி எந்திரிச்சி வர்றதுக்குள்ள இவ வெளக்குமாத்த தேடி எடுத்து முத்தம் பூரா கூட்டி வச்சிட்டா. அவரு தலையில கைய வச்சிக்கிட்டாரு. வெளக்குமாத்த பிடுங்கி ஒளிச்சி வச்சாரு. அப்புறம் அவரு குடுத்த தேத்தண்ணியில நூலு ஒண்ணு தொங்குச்சு. இழுத்துப் பாத்தேன், சின்ன பை. நம்ம கையால எடுத்த கொழுந்த பையில கட்டி, சுடுதண்ணியில முக்கி குடுக்குறாங்கடின்னேன். அவ குடிச்சிப் பாத்துட்டு, "நாம கங்காணிக்கு தெரியாம கொண்டாந்த தூளு இத விட நல்லா இருக்கும்"ன்னா.

குடிச்சி முடிச்சதும் கேட்டா. "இன்னிக்கு எறங்குவமா?"

நான் கடல ரொம்ப நேரம் பாத்தேன். "இன்னிக்கு சரியில்ல"ன்னேன். "நெறத்த பாத்தியா? இப்பிடி இருந்தா உள்ளுக்க இழுக்கும்."

அந்த மனுசன் தட்ட எடுத்துக்கிட்டு போனவரு நின்னு, "அத முஹுத ஹொந்தய், சீயா"ன்னாரு. இன்னிக்கு கடலு நல்லா இருக்காம். அவருக்கு தமிழு அரைகொறையா தெரியும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சிச்சு. "தலைமன்னாரு கடலு வேற, இது வேற"ன்னு மொனகிட்டு எந்திரிச்சி உள்ளுக்க போயிட்டேன். மத்தியானம் தூங்குற மாதிரி கெடந்தேன். அவ விறாந்தையில கதிரைய போட்டு கடலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. பேத்தி தண்ணியிலருந்து "அப்பாயி, அப்பாயி"ன்னு கத்துறதும் இவ கைய காட்டுறதுமா இருந்துச்சு.

பொழுது சாயுற நேரம் மருமககிட்ட பேசுறது காதுல விழுந்துச்சு.

"நாளைக்கு பகலுக்கு போயிருவோம்ல?"

"ஆமா அத்தை. பன்னெண்டு மணிக்கு வேன் வந்துரும்."

"ம். இந்த முட்டிய வச்சிக்கிட்டு இனி எங்க வரப்போறேன். அவருக்கு மனசில்லாட்டி விட்டுருவோம். பாத்தாச்சுல்ல, போதும்."

என் மேல ஒரு கொறையும் சொல்லல. அதுதான் என்னமோ மாதிரி ஆயிருச்சு. ஏசியிருந்தா எனக்கும் ஏச தெரியும்.

மூணாம் நாளு விடிஞ்சதும் நானே சொன்னேன், வா போவோம்னு. அவ மூஞ்சி எப்பிடி மலந்துச்சுங்கிறீங்க. உள்ளுக்க ஓடினா, அந்த முட்டியோட ஓடினா. வரும்போது கையில வாளி, துண்டு, செவப்பு சோப்பு. அந்த சோப்ப நோர்வூட்டுலயே வாங்கி மடியில முடிஞ்சி கொண்டாந்திருக்கா. நாங்க லயத்துல பீலித் தண்ணிக்கு அடியில நின்னு குளிக்கிற மாதிரியே பாவாடைய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டி, மேல துண்ட போத்திக்கிட்டா. என் கைய பிடிச்சா. உள்ளங்கை சில்லுன்னு இருந்துச்சு. என்னுது அத விட மோசம்.

மணலு எறங்கி தண்ணி காலத் தொட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணா நின்னோம். தண்ணி திரும்பிப் போவுறப்ப காலுக்கு அடியில இருக்கிற மணல உருவிக்கிட்டு போவுது. எனக்கு தல சுத்திருச்சு. "பயப்புடாத"ன்னு சொன்னேன், யாருக்கு சொன்னேனோ. மகன், மருமக, பேத்தி, அந்த மனுசன் எல்லாரும் மணல்ல நின்னு பாக்குறாங்க.

முட்டளவு தண்ணியில நின்னுக்கிட்டு அவ சோப்ப நனைச்சி கையில தேய்ச்சா. தேய்ச்சா, தேய்ச்சா. பிசுபிசுன்னு தயிரு திரிஞ்ச மாதிரி வந்துச்சே ஒழிய நொர வரல. தோள்ல தேய்ச்சா. வரல. சோப்ப திருப்பி பாத்தா. அப்புறம் விரல நக்கிப் பாத்தா.

"உப்பு"ன்னா.

நானும் என் விரல நக்கிப் பாத்தேன்.

"உப்புத் தண்ணியில சோப்பு நொரைக்காதுங்க."

"அது... அந்த சோப்பு..."

"பாலு மாதிரி மெதந்துச்சுன்னீங்க."

 கடலுக்கு முதுக காட்டி அவளுக்கு நேரா நின்னேன். சொல்லிட்டேன். பொல்காவலை, கொழாயி, சொம்பு, நாவலப்பிட்டி மாமா வீடு, எல்லாத்தையும். அவ சோப்ப கையில பிடிச்சிக்கிட்டு அசையாம கேட்டா. அம்பது வருசத்து பொய்ய சொல்லி முடிக்க ரெண்டு நிமிசம் ஆகல.

ஏசுவான்னு நின்னேன். இவ கேட்டது வேற.

"அப்ப உங்க அண்ணன் தண்ணி குடிக்காமலா போனாரு?"

 இத்தன வருசத்துல நான் என் அவமானத்தத்தான் நெனச்சேன். இந்த கேள்விய நானே கேட்டுக்கிட்டதில்ல. "பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க. யாராச்சும் குடுத்திருப்பாங்க"ன்னேன். "குடுத்திருப்பாங்க"ன்னு அவளும் தலைய ஆட்டினா. அப்புறம் வாய தொறந்தா பாருங்க.

"எம்புட்டு பொய்யி! தொர மாதிரி நெறத்த வேற பாத்தீங்களே! உள்ளுக்க இழுக்கும்னீங்களே! ரெண்டு நாளா என்னைய கதிரையில ஒக்கார வச்சி..."

அத முடிக்கல. கடலுக்கு முதுக காட்டக்கூடாதுன்னு கடல் தெரிஞ்சவங்க யாருக்கும் தெரியுமாம். எனக்கு யாரு சொன்னா? பின்னாலருந்து வந்து அடிச்சிச்சு அலை ஒண்ணு. காலு மேல, தல கீழ. மூக்கு, வாயி, காது எல்லாத்துலயும் உப்பு. எந்திரிச்சி பாக்குறேன், சாரத்த காணோம். நல்லவேள, உள்ளுக்க கால்சட்ட போட்டிருந்தேன். என் சாரம் மகன் இருந்த பக்கமா தனியா போய்க்கிட்டு இருக்கு. "தாத்தா சாரம்! தாத்தா சாரம்!"ன்னு பேத்தி அத தொரத்துறா.

இவ சிரிச்சா. கலியாணம் கட்டின நாளையிலருந்து இவ சிரிச்சி நான் பாத்திருக்கேன், ஆனா பொத்திக்கிட்டு சிரிக்கிறவ. இன்னிக்கு கைய எடுத்துட்டு, வயித்த பிடிச்சிக்கிட்டு, பல்லு இல்லாத எடமெல்லாம் தெரிய சிரிச்சா. வாளி ஒரு பக்கம் போச்சு, சோப்பு ஒரு பக்கம் போச்சு. அவ எதையும் தேடல. என் கைய பிடிச்சி இழுத்தா.

"எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாங்க, பாப்போம்."

இடுப்பளவு போனோம். அவதான் முன்னால. அந்த மனுசன் பக்கத்துல வந்து, அலை வர்றப்ப குதிக்கணும்னு அரைத் தமிழுல சொல்லிக் குடுத்தாரு. குதிச்சோம். முட்டி வலிக்கலங்குறா! தண்ணிக்குள்ள முட்டிய மடக்கி மடக்கி காட்டுறா, கொழந்த மாதிரி. ஒவ்வொரு அலைக்கும் என்னைய ஒரு தடவ ஏசுறது. "கப்பல் மேல துண்ட வீசினாரா!" குதி. "ஸ்டோரு மாதிரி நீட்டமா!" குதி. மருமகளுக்கு ஒண்ணும் புரியல. சிரிக்கிறத பாத்து அவளும் சிரிக்கிறா.

வேன் எப்ப வந்துச்சுன்னு தெரியாது. மகன் கரையில நின்னு கூப்பிட்டான். அப்புறம் வேன் ஆரன் சத்தம் கேட்டுச்சு. "இந்தா, போவமா? விரலு எல்லாம் சுருங்கிப் போச்சு"ன்னேன்.

அவ கரைப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல.

"பேசாம இருங்க. பெருசா ஒண்ணு வருது, கைய பிடிங்க"ன்னா.