வெள்ளிக்கிழமைப் பொட்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது பாதி ஸ்க்ரூடிரைவர், பாதி காத்திருத்தல். தொண்ணூறுகளில் திரையில் மணல்கடிகாரத்தைப் பார்த்தபடியே கண் செருகிப்போன என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

புது போர்டு

கோபிசெட்டிபாளையத்தில் ஓர் அச்சகம். அங்கே மருமகள் சரோஜாதான் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அமைப்பார். மாமனாரிடம் மன்றாடி, புது மதர்போர்டும் புதுப் பெட்டியும் வாங்க வைத்திருந்தார். ஒரு வியாழக்கிழமை காந்திபுரத்துக் கடையிலிருந்து போய் மாட்டிக் கொடுத்தேன், மெஷின் பறந்தது. சனிக்கிழமை போன். சரோஜாவின் குரலில் அழுகை முட்டியது.

"பழசே தேவலைங்க. மாப்ளை பேரு ஒவ்வொரு எழுத்தா வருதுங்க."

தென்னை நிழல்

திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம். நெல்லும் வாழையும் மாறி மாறி வந்ததில் ஊர் வந்ததே தெரியவில்லை. பெட்டியைப் பின்னாலிருந்து திறந்தேன். எங்கள் பிழைப்பே முதுகுப்பக்கம்தானே. மெமரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ம்ஹூம். திரையில் படம் விரியும்வரை, சுவரில் தென்னை நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிழல்தான் முந்தியது.

தோற்றுத் திரும்பினேன். அந்தச் சனிக்கிழமையே, தானாகச் சரியாகிவிட்டது என்று தகவல். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி மந்தம். இந்தமுறை மாமனாரே பேசினார்.

"வார வெள்ளிக்குள்ள சரி பண்ணிப்போடுங்க. இல்லீன்னா பெட்டியைத் திருப்பி எடுத்துக்கங்க, அம்மணி ஊட்டு வேலையப் பாக்கட்டும்."

பூசை நேரம்

வெள்ளி காலையிலேயே போய்விட்டேன். சரோஜா ஒரு பத்திரிகையைத் திறந்துவிட்டு நகத்தைக் கடித்தபடி நின்றார். மணமகள் பெயரில் இரண்டு எழுத்து வந்திருந்தது. நான் முதுகுப்பக்க ஸ்க்ரூவில் கை வைத்தேன். மாமனார் கற்பூரத் தட்டோடு வந்து, "பூசை முடியட்டுங்க" என்றார். சந்தனத்தைத் தொட்டு, பெட்டியின் முகப்பில் கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்தார்.

மறுகணம் மணமகள், மணமகன், முகூர்த்தம் என்று முழுப் பத்திரிகையும் திரையில் வந்து நின்றது. கனவோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டேன். பிறகுதான் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். பொட்டு உட்கார்ந்திருந்த இடம் டர்போ பட்டன். ஒருதரம் அழுத்தினால் மெஷின் மெதுவாகும், மறுதரம் அழுத்தினால் வேகமாகும். இவர் வெள்ளிக்கு வெள்ளி தவறாமல் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்!

விஷயத்தைச் சொன்னதும் சரோஜாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. அடுத்த பத்திரிகையை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. மாமனார் மட்டும் தட்டை ஏந்தியபடி என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, அப்ப இனிமே வாரத்துக்கு ரெண்டு பொட்டா வெச்சுப்போட்டா சரிங்களா?"

அன்றிலிருந்து எந்தப் பெட்டியானாலும், முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் முதுகுக்குப் போகிறேன்.