அண்ணனைக் கப்பலேற்றிய இசக்கியம்மாள்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரிக்காரர்களில் இசக்கியம்மாளிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு. துறைமுகச் சாலையில் அவளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை இருக்கிறது. கிழிசல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உப்பு மூட்டை ஏற்றி வருகிறவனைக் கண்டால், அவன் தன் வாடிக்கையா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "ஏலே, இம்புட்டுப் பெரிய லாரிக்கு இந்தக் கோவணம் போதுமாலே?" என்று நடுச்சாலையில் கேட்டுவிடுவாள். கேட்டவன் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த நடையில் அவளிடமே தைக்கக் கொடுப்பான்.

புருஷன் செந்தூர்வேல் நடத்திய கடை அது. மகள் இந்துமதி பத்தாவது படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு இசக்கியம்மாள் போய்க் கடையைத் திறந்தாள். ஊர் வாயைப் பிளந்தது. வலித்தால் தானே மூடிக்கொள்ளும் என்று அவள் விட்டுவிட்டாள். அந்தத் தைரியம் தனக்கு அண்ணன் அய்யாக்குட்டியால் வந்தது என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். அவருக்குச் சாத்தான்குளத்தில் பாத்திரக் கடை. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து தங்கச்சி கடையில் உட்கார்ந்திருப்பார். தைக்கவும் தெரியாது, ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. அவளுக்கு ஆள் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம், அதற்காக உட்கார்ந்திருப்பார்.

இந்துமதியைக் கப்பல் படிப்பில் சேர்த்தபோதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரி வரை போனவர் அவர்தான். படித்து முடித்ததும் மருமகள் ஹார்பர் ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்காருவாள் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் கப்பலிலேயே ஏறி மாதக்கணக்கில் கடலில் இருக்கப் போகிறாள் என்று தெரிந்த அன்று குதிகுதியென்று குதித்தார். "பொம்பளப் புள்ளையக் கப்பலுக்கு அனுப்புதியா? நம்ம குடும்ப மானமே கப்பலேறிப் போச்சுளா!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனவர், எட்டு வருஷமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. விசேஷ வீடுகளில் தங்கச்சியிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அவள் மகள் பேச்சை எடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அந்த மகளுக்கு வருகிற தை மாதத்தில் கல்யாணம். ஆறுமுகநேரி மாப்பிள்ளை, நல்ல இடம். எல்லாம் கூடி வந்தது, தாய்மாமன் மட்டும் கூடி வரவில்லை. அண்ணன் பெண்சாதி ஜெயசெல்வி மூலம் கேட்டுப் பார்த்தாள். "சீர் கொடுத்து அனுப்புதேன். நான் வரமாட்டேன்" என்று பதில் வந்தது. அப்பன் இல்லாத பிள்ளை. மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமனும் இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தால், வந்தவர்கள் கண்ணெல்லாம் அந்த வெறும் இடத்தைத்தான் பார்க்கும்.

இந்துமதி வேலை பார்க்கும் உல்லாசக் கப்பல் அந்த அரையாண்டு லீவில் சென்னையிலிருந்து கிளம்பி, தூத்துக்குடியைத் தொட்டுக் கொச்சிக்குப் போவதாக இருந்தது. கப்பலில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு. எப்படியாவது அய்யாக்குட்டியை அதில் ஏற்றிவிடுவது என்று நாத்தனாரும் மதினியும் போனில் குசுகுசுத்து முடிவுக்கு வந்தார்கள். இந்துமதி பேரை மட்டும் மூச்சு விடுவதில்லை.

"கடையே கதின்னு கெடந்தாச்சு. இசக்கி கப்பலுக்கு டிக்கெட்டு போட்டுருக்கா. நீங்க வரலேன்னா விடுங்க, நாங்க ரெண்டு பொம்பளையளும் போயிட்டு வாரோம்" என்றாள் ஜெயசெல்வி.

பெண்கள் துணையில்லாமல் கப்பலேறக் கூடாது என்பதுதானே அய்யாக்குட்டியின் கட்சி. மறுபேச்சு பேசாமல் சலவை வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தூத்துக்குடியில் மூவரும் ஏறினார்கள். கண்ணாடி லிஃப்டையும் மாடிக்கு மாடி தொங்கிய நட்சத்திர விளக்குகளையும் அய்யாக்குட்டி வாயே திறக்காமல் பார்த்தார். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் அதற்குள் பத்துக் குற்றம் சொல்லியிருப்பார். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏளா, இங்கன பரப்பி வச்சிருக்கதப் பாரு. கல்யாண வீடு தோத்துச்சு போ" என்றார்.

கல்யாணம் என்ற சொல் அவர் வாயிலிருந்தே வந்ததும் இசக்கியம்மாள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இப்போதே விஷயத்தை உடைத்துவிடலாமா என்று யோசித்தாள். அதற்குள் கப்பல் முழுக்க மணி அலறியது.

கிளம்புவதற்கு முன்னால் ஆபத்துக்காலப் பயிற்சி ஒன்று வைப்பார்கள். ஏறியவர்கள் எல்லோரும் மேல்தளத்தில் வரிசையாக நின்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்ட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் கப்பல் நகராது. மூவரும் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இசக்கியம்மாள் பழக்கதோஷத்தில் அதைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்துமதி நின்றாள்.

வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப் பட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. இங்கிலீஷில் சொன்னாள், இந்தியில் சொன்னாள், பிறகு தமிழில், "எல்லாரும் ஜாக்கெட்டை மாட்டிக்கோங்க" என்றாள். அத்தனை கூட்டமும் கையைத் தூக்கி மாட்டியது. தான் பெற்ற பிள்ளையின் ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் அடங்குவதை இசக்கியம்மாள் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். பெருமை தாங்கவில்லை. கண் மங்கி, வாரை எங்கே கோப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டு நின்றாள்.

அய்யாக்குட்டி தன் ஜாக்கெட்டைத் தரையில் வைத்தார்.

"இதுக்குத்தான் கூட்டியாந்தியளா ரெண்டு பேரும்? நான் எறங்குதேன்."

"அண்ணே, சனம் பாக்குண்ணே. நில்லு."

"பாக்கட்டும்."

படிக்கட்டைப் பார்த்து நடந்தார். இந்துமதி வந்து குறுக்கே நின்றாள். மாமா முறுக்கிக்கொண்டால் சட்டென்று காலைப் பிடித்துவிடு என்று இசக்கியம்மாள் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். மகள் குனியவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"சார், ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு வரிசைக்குப் போங்க. இறங்கணும்னா பயிற்சி முடிஞ்சதும் நானே ஆளோட அனுப்பி வைக்கேன். உங்க ஒருத்தருக்காக எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்க, சார்."

அய்யாக்குட்டியின் முகம் கறுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று இசக்கியம்மாள் நினைத்தாள்.

"யாருக்குளா சாரு?" என்று கத்தினார் அவர். "ஒன்ன மடியில வச்சுக் காது குத்தினவன்ளா நான்! சாராம்லா, சாரு!"

"நீங்கதான இனிமே மாமான்னு கூப்பிடாதன்னு சொல்லிட்டுப் போனிய."

குரல் மட்டும் லேசாக உடைந்தது. பின்னால் கட்டிய கையை அவள் எடுக்கவில்லை.

"கோவத்துல மனுசன் ஆயிரஞ் சொல்லுவான். நீ அதையே புடிச்சுக்கிட்டு நிப்பியோ?" என்றார் அய்யாக்குட்டி. சத்தம் பாதியாக இறங்கியிருந்தது.

"மாமா, ஜாக்கெட்டைப் போடுங்க."

திரும்பி நடந்து வந்து எடுத்தார். மாட்டத் தெரியாமல் முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டினார். ஜெயசெல்வி உதவிக்குப் போனாள், கையைத் தட்டிவிட்டார். இந்துமதியே வந்து கழற்றி, சரியாக மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள். சின்னப் பிள்ளை போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார் அவர்.

பின்வரிசையில் ஒரு மனிதர், "இந்தம்மா எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிக்க வைக்கும்?" என்று முணுமுணுத்தார். அய்யாக்குட்டி விருட்டென்று திரும்பினார்.

"எங்க வீட்டுப் புள்ள வே அது. அவ சொல்லாம ஒரு பய நகரக் கூடாது, கேட்டுக்கிடும்."

சற்று முன்னால் நகர்ந்தவர் யார் என்று அந்த மனிதர் கேட்காதது அவருடைய பெருந்தன்மை. இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

சாயங்காலம் கப்பல் துறைமுகத்தை விட்டது. தூரத்தில் திரேஸ்புரத்துப் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அண்ணனும் தங்கச்சியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏளா, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயாச்சா?"

"இல்லண்ணே. எழுதி வச்சிருக்கேன். தாய்மாமன்னு ஒம் பேரையும் போட்டுருக்கேன். வேண்டாம்னா..."

"அத யாரு கேட்டா? பொண்ணு பேருக்குக் கீழ என்ன போட்ட?"

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை பேருக்குக் கீழே படிப்பு, உத்தியோகம், கம்பெனி பேர் வரை எழுதியிருந்தாள். மகள் பேருக்குக் கீழே படிப்போடு நிறுத்திவிட்டாள். எந்த லாரிக்காரனுக்கும் பயப்படாதவள், அண்ணன் கண்ணில் படுமே என்று அந்த ஒரு வரிக்குப் பயந்துபோயிருந்தாள்.

"வேலைய எழுதலண்ணே. ஒனக்குப் பிடிக்காதேன்னு விட்டுட்டேன்."

அய்யாக்குட்டி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"மண்டப வாசல்ல நின்னு வாரவன வாங்கன்னு கூப்பிடப் போறது நானு. பொண்ணு என்ன செய்யுதுன்னு எங்கிட்டதான கேப்பான்? கப்பல் ஆபீசர்னு போடு. மாப்பிள்ளை வேலைய விடப் பெரிய எழுத்துல போடச் சொல்லு."