ஒரு பானை ஓட்டுக்காகத் திருச்சானூர் போய் வந்தது

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேண்டவே வேண்டாம். என் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. ஆனால் கல்வட்டம், இடுகாடு என்று படித்தாலே சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு எந்த ஊர் என்று புரிந்துவிடும். புரிந்தால் புரியாத மாதிரி இருந்துவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

இதற்கு முன் இந்த வலைப்பதிவில் காணிப்பாக்கமும் சந்திரகிரிக் கோட்டையும் போனதை எழுதியிருந்தேன். அதெல்லாம் பள்ளியில் கூட்டிப்போனது. பெண்பிள்ளை தனியாகத் திருப்பதி போய்த் திரும்ப முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்று, பிப்ரவரிச் சனிக்கிழமை, நான் போய்த் திரும்பினேன். ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு தெரு. எங்கள் தெருவில் தமிழ், ஏரிப் பக்கத்துத் தெருவில் தெலுங்கு. பள்ளியில் எனக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத அம்மா கற்றுக்கொடுத்தாள். அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். ஊருக்கு மேற்கே குன்று, அதன் அடிவாரத்தில் எங்கள் தெருவின் இடுகாடு. அம்மாவை அங்கேதான் புதைத்தோம். அந்த இடம் சர்க்கார் கணக்கில் வெறும் புறம்போக்கு. ஏரித் தெருவில் வீடு இல்லாதவர்கள் அதை மனையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் இல்லைதான். ஆனால் அங்கே அம்மா இருக்கிறாள்.

குன்றின் மேல் வட்டமாகக் கல் நட்ட பழைய புதைகுழிகள் இருக்கின்றன. ஜனவரியிலிருந்து ஒரு தொல்லியல் மேடமும் அவருடைய மாணவர்களும் அங்கே தோண்டுகிறார்கள். என் அண்ணனுக்கு அங்கே பகலில் மண் அள்ளும் வேலை, இரவில் காவல். இந்தக் குழிகள் தமிழர்களுடையவை என்று நிரூபித்துவிட்டால் அடிவாரத்தை யாரும் தொட முடியாது என்று எங்கள் தெரு ஆண்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் அண்ணன் கொல்லையில் உட்கார்ந்து, என் காம்பஸ் முள்ளால் ஒரு பானை ஓட்டில் எதையோ கீறிக்கொண்டிருந்தான். போனில் பழைய தமிழ் எழுத்துப் படம் திறந்திருந்தது. "இன்னாண்ணா அது?" என்றேன். "போய்ப் படி" என்றான். அடுத்த வாரம் குழியில் எழுத்து உள்ள ஓடு கிடைத்துவிட்டது என்று எல்லார் போனிலும் வீடியோ வந்தது.

அதிலிருந்து இரண்டு தெருவுக்கும் பேச்சு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காரும் லாவண்யா ஏரித் தெரு. அவள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். "நீங்கதான் ரெண்டாயிரம் வருஷமா இங்கயே குந்திக்கினு கீறீங்களே. பெஞ்சியையும் நீயே வெச்சிக்கோ" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிக்கவில்லை.

இந்தப் புதன்கிழமை மேடம் எங்கள் பள்ளிக்கு வந்து லென்ஸில் ஓடுகளைக் காட்டினார். பழைய கீறலில் மண் ஏறி இறுகியிருக்கும், புதுக் கீறலின் ஓரம் வெளுப்பாக இருக்கும் என்றார். அண்ணன் கீறியதை அந்த லென்ஸில் வைத்தால் போதும், தெரிந்துவிடும். திங்கட்கிழமை தாசில்தார் குன்றுக்கு வருகிறார். அத்தனை பேர் முன்னால் குட்டு உடைந்தால் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்கள். இடுகாடு என்று நாங்கள் சொல்வதையும் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு முன் மேடத்திடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சனி, ஞாயிறு அவர் திருச்சானூரில் வாடகை வீட்டில் இருப்பார். "மாடியில துணிக்குப் பதிலா ஓடு காயற வீடு" என்று அடையாளம் சொல்லியிருந்தார்.

இனிப் பயணம். எங்கள் ஊரிலிருந்து சித்தூர் 18 கிலோமீட்டர். காலை 6.40க்குப் பல்லெவெலுகு என்கிற கிராமத்து பஸ். வழியெல்லாம் மாந்தோப்பு, இப்போது பூத்திருக்கிறது. அந்த வாசனை அம்மாவுக்குத் தலைவலி. ஆந்திரா ஆதார் இருக்கிற பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கண்டக்டர் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நீயா, உன் தம்பியா பாப்பா?" என்றார். அந்தப் போட்டோவில் எனக்கு மொட்டைத் தலை. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் தமிழ்நாட்டு அட்டை, காட்பாடி முகவரி. அவர் காசு கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"நா பொறந்தது இந்த ஊர்லதான்ப்பா. கட்டிக்குடுத்தது அங்க. அதுக்கு நா இன்னா பண்றது?"

"அட்டையில காட்பாடின்னு கீதே அம்மா."

"அட்டையா பொறந்துச்சு?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

சித்தூரிலிருந்து திருப்பதி எக்ஸ்பிரஸ், சுமார் 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் கொஞ்சம் குறைவு. அதிலும் டிக்கெட் இல்லை. ஜன்னல் சீட் கிடைத்தது, பேச ஆள் கிடைக்கவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். நடுவில் தனியாக நின்றால் என்னையே எல்லாரும் பார்ப்பது போல இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். டிரைவர் தமிழ் பேசினார். "கூட யாரும் இல்ல?" என்றார். "அம்மா முன்னாடி போயிட்டாங்க" என்றேன். கோயில் தெருக்களில் எந்த மாடியைப் பார்த்தாலும் லாட்ஜ் துண்டுகள் காய்ந்தன. அரைமணி நேரம் அலைந்தேன். கடைசியில் ஒரு மாடிச் சுவர் முழுக்கச் சிவப்பும் கறுப்புமாக ஓடுகளைக் கண்டேன்.

மேடம் தரையில் உட்கார்ந்து பல் தேய்க்கிற பிரஷால் ஓடு கழுவிக்கொண்டிருந்தார். மூன்று மாநிலம் சேருகிற குப்பம் ஊர்க்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். "நீ அந்த ஸ்கூல் பொண்ணுதானே? துன்னியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல், "அந்த எழுத்து புதுசு மேடம். எங்க அண்ணன்தான் கீறுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார்.

"புதுசுன்னு அன்னிக்கே தெரியும்மா. ஓடே இந்தக் காலத்து ஓடு. யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்க, அதான் தெரியல. திங்கக்கிழமை அங்கயே சொல்லிடலாம்னு இருந்தேன். இந்த ஓரத்துல பாதி ஓட்டை கீது பாரு, இது இன்னான்னு தெரியுமா உனக்கு?"

தெரிந்தது. எங்கள் பக்கம் புதைக்கும்போது மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குழியை மூன்று சுற்று சுற்றுவான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் ஒருவர் அரிவாள் மூக்கால் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார். கடைசியில் குடத்தைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைப்பார்கள். துண்டுகள் அங்கேயே கிடக்கும். அம்மாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை, மேலாகக் கிடப்பது அம்மாவின் குடத்துத் துண்டுகள்தான். அந்தக் குடத்தைச் சுமந்தது அண்ணன். புதைகுழியில் கிடைக்கிற ஓடு எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து அதிலேயே ஒன்றை எடுத்திருக்கிறான்.

மேடம் நான் அழுது முடிக்கிறவரை ஓடு கழுவினார். பிறகு நான் கேட்டேன், "எழுத்து நிஜமாவே பழசா இருந்திருந்தா, அந்தக் குழிங்க எங்களுதுன்னு ஆயிருக்குமா?"

அவர் தன் டிபன் பாக்ஸைத் தள்ளினார். மூடியில் கன்னடத்தில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. "எங்க மாமியார் பேரு. நான் பொறந்த வீட்டுல தெலுங்கு. என் பையனைத் திட்டறது தமிழ்ல. என் வீட்டை ஒருத்தன் தோண்டி இந்த டப்பாவை எடுத்தா, நான் யாருன்னு எழுதுவான்?"

"கன்னடம்னு."

"எழுதிட்டு நிம்மதியா தூங்கிடுவான். நாங்களும் முன்னாடி அப்படித்தான் எழுதிக்கினு இருந்தோம். ஒரு மாதிரிப் பானைன்னா ஒரு ஜனம். பானை எங்க போச்சோ அந்த ஜனமும் அங்க போச்சுன்னு கோடு போட்டுடறது. பானை சந்தைக்குப் போவும். கல்யாணம் ஆன பொண்ணு கூடப் போவும். செஞ்சவன் ஒருத்தன், பொங்கித் துன்னவன் ஒருத்தன், குழியில வெச்சவன் இன்னொருத்தன்." ஒரு ஓட்டைத் திருப்பி வெயிலில் வைத்தார். "எப்படிப் புதைச்சாங்க, கூட இன்னா வெச்சாங்க, யாருக்கு நிறைய வெச்சாங்க, அதெல்லாம் சொல்லலாம். தங்களை இன்னான்னு சொல்லிக்கினாங்கன்னு இது சொல்லாது. சரி, ஏரித் தெருவுல குடம் உடைக்க மாட்டாங்களா?"

லாவண்யாவின் தாத்தா இறந்தபோது நான் போயிருந்தேன். அதே மூன்று சுற்று, அதே அரிவாள். குடம்கூட இரண்டு தெருவுக்கும் ஒரே சந்தைக் கடையில்தான் வாங்குவது. "உடைப்பாங்க" என்றேன்.

"அப்போ ஆயிரம் வருஷம் கழிச்சு ஒருத்தன் இதை எடுத்தா?"

எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அம்மாவுடையது. அது அம்மாவுடையது என்று அந்த ஓட்டில் எங்கேயும் இல்லை.

எதற்காக அண்ணன் அப்படிச் செய்தான் என்று கேட்டார். இடுகாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் குன்றின் பெரிய வரைபடத்தை விரித்தார். மேலே ஒவ்வொரு கல்லும் வரைந்திருந்தது. அடிவாரத்தில் ஒன்றுமில்லை, காலி நிலம் என்று எழுதியிருந்தது. "இங்கதான் மேடம்" என்று விரல் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அங்க மேடு மேடா இருந்துச்சு. நாங்க தினம் அது பக்கத்துலதான் ஜீப்பை நிறுத்தறோம்" என்றார். "ரெண்டாயிரம் வருஷத்துப் பொணத்தைக் கண்டுபுடிச்சிட்டு, போன வருஷத்தை விட்டுட்டோம்."

பென்சிலை என் கையில் கொடுத்தார். எனக்குத் தெரிந்த மேடுகளை எல்லாம் குறித்தேன். புங்கமரத்துக்குக் கீழே அம்மாவை. காலி நிலம் என்றதை அடித்துவிட்டு, இன்றும் பயன்படும் இடுகாடு என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதினார். "இதை எழுதிட்டா நிலம் நிக்கும்னு நான் சொல்லல. இருக்கறதை எழுதறேன், அவ்ளோதான். அந்த ஓடு இப்போ யாரோ கொண்டாந்து வெச்சதுன்னும் எழுதுவேன். உங்க அண்ணன் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என்கிட்ட வந்து சொல்லட்டும். சொன்னா தாசில்தார்கிட்ட நானே பேசறேன். வரலன்னா, திங்கக்கிழமை பேர் சொல்ல மாட்டேன். ஆனா அங்க ராத்திரி காவல் யாருன்னு ஊருக்கே தெரியும்."

கிளம்பும்போது அந்த ஓட்டைக் கேட்டேன். எண் போட்டாயிற்று, தர முடியாது என்றார். தயிர்சாதம் கொடுத்தார். பாதிதான் இறங்கியது.

திரும்பி வந்ததில் எழுத ஒன்றும் இல்லை. சித்தூரில் கடைசி பஸ் 6.30க்கு, நின்றுகொண்டே வந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவர் கிரானைட் லாரியில் சென்னைக்குப் போயிருக்கிறார். அண்ணன் குன்றில் காவலுக்குப் போய்விட்டான். வீட்டில் யாரும் இல்லை. இன்று நான் எங்கே போனேன் என்று கேட்கக்கூட யாரும் இல்லை. காட்டிக்கொடுத்தேனா, காப்பாற்றினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. அவன் போய்ச் சொல்ல வேண்டும் என்றால், நான் போனதை முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பிறகு அவன் என்னை அடித்ததில்லை. ஆனால் பேசாமல் இருந்துவிடுவான். அதுதான் எனக்குப் பயம். எனக்குப் பேச மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

தனியாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆதார் அட்டை ஒரிஜினல் வேண்டும், ஆந்திரா முகவரி இருக்க வேண்டும். திருப்பதியில் தனி ஆட்டோ எடுக்காதீர்கள், ஷேர் ஆட்டோ போதும். கூட யாரும் இல்லை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். சித்தூருக்கு நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள். கல்வட்டம் பார்க்கப் போனால் ஓடு எதையும் எடுக்காதீர்கள், எதையும் வைக்காதீர்கள். அடிவாரத்தில் மேடு தெரிந்தால் சுற்றிப் போங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதை

தெருக்கதவைத் தட்டுகிறார்கள்.

இந்நேரம் யாரும் வர மாட்டார்கள். மறுபடியும். "பாப்பா" என்கிறான். அண்ணன். காவலை விட்டு வந்திருக்கிறான். இதை எழுதுகிற டேப்லெட்டை அணைத்துவிட்டால் தூங்குகிறேன் என்று நினைத்துப் போய்விடுவான். அணைக்கவில்லை. வரேண்ணா என்று சொல்லிவிட்டேன், எழுந்து